தாமிரபரணியின் சுலோசன முதலியார் பாலம்: கொடையும் கட்டுமானமும்

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாமிரபரணியின் இரு கரைகளில் எதிரெதிராக வளர்ந்த ஊர்கள். மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருக்களும் இருந்தன; கிழக்கே கோட்டையும் கும்பினியாரின் படைநிலையும் இருந்தன. இவ்விரண்டிற்கும் இடையே 1840கள் வரை படகுத்துறையே வழி. கொக்கிரகுளத்துத் துறையில் முண்டியடித்த கூட்டமும் அதனால் எழுந்த பூசல்களும் பாலத்திற்கு உடனடிக் காரணமாகப் பெரும்பாலும் கூறப்படுகின்றன. மழைக்காலத்தில் படகு ஓடாத நாள்களில் வழக்காடுவோரும் வணிகரும் கரையிலேயே காத்துக்கிடக்க நேர்ந்ததையும் இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

அக்காலத்தில் ஆட்சியராக இருந்தவர் ஈ.பி. தாம்சன். வரைபடம் கேப்டன் ஃபேபருடையது, கட்டுமானத்தில் டபிள்யூ.எச். ஹார்ஸ்லியின் பெயரும் இணைத்துப் பேசப்படுகிறது. பணம்தான் சிக்கல். சென்னை மாகாணத்தில் பொதுப்பணிக்கென முறையான துறை உருவானது 1850களில்தான். அதற்கு முன் சாலைக்கும் பாலத்திற்கும் கும்பினி அரசு தாராளமாகச் செலவிட்டதில்லை. மதிப்பிடப்பட்ட தொகையோ ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய். அதனை ஏற்றவர் ஆட்சியர் அலுவலகத்தின் சிரஸ்தார் சுலோசன முதலியார். அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றித் தந்தார் என்பது நெல்லையில் இன்றும் வழங்கும் செவிவழிச் செய்தி. அதனை ஆவணச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் இக்கொடையை ஊர் எவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டது என்பதற்கு அது சான்றாகும். சத்திரமும் குளமும் வெட்டிவைத்த பழைய அறமரபின் தொடர்ச்சியாகவே மக்கள் இப்பாலத்தைக் கண்டனர்.

1840இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1843 நவம்பர் 27இல் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 760 அடி, அகலம் 21½ அடி. 60 அடி அகலமுள்ள வளைவுகள் 11. அவ்வளவுகளைக் கூட்டினால் 660 அடி. எஞ்சிய 100 அடி இடைத்தூண்கள் பத்திற்கும் உரியது எனக் கொண்டால் தூணொன்றிற்கு ஏறத்தாழ 10 அடி பருமன் கிடைக்கிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் ஆற்றுப்பாலத்திற்கு இது பொருந்தும் அளவே.

இலண்டன் தேம்சு ஆற்றின் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது என்பது பலரும் திரும்பத் திரும்ப எழுதிவரும் செய்தி. ஜான் ரென்னி வடிவமைத்து 1817இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் வளைவுகள் ஒன்பது. ஒவ்வொன்றும் 120 அடி. ஆகவே நெல்லைப் பாலத்தை அதன் நகல் என்பது மிகை. சமஅளவு வளைவுகள் தொடர்ந்து அமையும் தோற்றத்தில் ஒப்புமை உண்டு எனலாம். வளைவின் அகலமோ பாதி. தேம்சின் மீதிருந்த மூலப்பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது.

கொடையாளியின் பெயர் பாலத்திற்கு நிலைத்தது. அதைக் கட்டியவர்களுள் சிறைக்கைதிகளும் இருந்தனர்; அவர்களுடைய பெயர்கள் எதிலும் இடம்பெறவில்லை. தண்டனை உழைப்பைச் சாலைப் பணிக்குப் பயன்படுத்துவது அன்றைய கும்பினி ஆட்சியில் வழக்கமே. அதனால் செலவுக் கணக்கில் கூலியின் பங்கு குறைந்திருக்கும் என்பதை, முதலியாரின் கொடையை மதிப்பிடுவோர் கருதுவதில்லை.

1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி சிதைந்தது, 1871இல் செப்பனிடப்பட்டது. பெருகிய வண்டிப் போக்குவரத்திற்காகப் பின்னாளில் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அருகே இணைப்பாலமும் எழுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கடந்து, அப்பழைய வளைவுகள் இன்றும் ஆற்றின் நடுவே நிற்கின்றன.