மேஜிக்கும் மென்டலிசமும்: வேறுபாடு என்ன? கற்றுக்கொள்வது எப்படி?

ஹைதராபாத்: காலியான தொப்பியிலிருந்து புறாவை எடுத்துக் காட்டும் கலைஞரிடம், தம் மகளுக்கு எப்போது திருமணம் நடக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பார்வையாளர் மனத்தில் நினைத்த பெயரைச் சொல்லிக் காட்டும் கலைஞரிடமோ, நிகழ்ச்சி முடிந்ததும் அப்படிக் கேட்கச் சிலர் வரக்கூடும். மேஜிக் எனப்படும் மாயாஜாலத்துக்கும், மென்டலிசம் எனப்படும் மனம் அறியும் வித்தைக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஏமாறுவது கண்ணா, மனமா?

தமிழில் மேஜிக்கைக் குறிக்கும் பழைய சொற்கள் கண்கட்டு வித்தை, செப்பிடு வித்தை என்பவை. செப்பு எனும் சிறு கிண்ணங்களுக்குள் பந்தை வைத்து மறைப்பது செப்பிடு வித்தை. இதில் ஏமாற்றப்படுவது கண் என்பது அனைவருக்கும் தெரியும். கை வேகம், மறைவிடம் கொண்ட பெட்டி, கவனத்தைத் திசைதிருப்பும் பேச்சு ஆகியவையே இதன் கருவிகள். 'எப்படிச் செய்தார்?' என்ற கேள்வியுடன் பார்வையாளர் வீடு திரும்புகிறார்.

மென்டலிசத்தில் புறாவோ பெட்டியோ இல்லை. ஒரு தாள், ஒரு பேனா, ஒரு புத்தகம் போதும். நினைத்த எண்ணைச் சொல்வது, மூடிய உறைக்குள் இருக்கும் சொல்லைக் கூறுவது, நாளைய செய்தித்தாளின் தலைப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது போன்றவை இதன் உருப்படிகள். பின்னணியில் நடப்பது பெரும்பாலும் மேஜிக்கின் உத்திகளே. எழுதியதை ரகசியமாகப் பார்த்துக்கொள்வது, பார்வையாளர் சுதந்திரமாகத் தேர்ந்ததாக எண்ணும்படி ஒரே முடிவை நோக்கி நகர்த்துவது, முன்கூட்டியே தகவல் திரட்டுவது ஆகியவை அவற்றில் சில. ஃபிஸம் எனப்படும் உலக மேஜிக் போட்டியிலும் மென்டலிசம் தனிக் கலையாக அன்றி, மேஜிக்கின் ஒரு பிரிவாகவே இடம்பெறுகிறது.

ஆக, வேறுபாடு செய்முறையில் இல்லை. பார்வையாளர் எதை நம்பியபடி வெளியேறுகிறார் என்பதில் இருக்கிறது.

ஒரே கணக்கு, இரண்டு வித்தைகள்

பள்ளிக் கணிதப் புதிர்களில் இடம்பெறும் ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். முதல் இலக்கம் கடைசி இலக்கத்தைவிடக் குறைந்தது 2 கூடுதலாக இருக்கும்படி ஒரு மூன்று இலக்க எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். 732 என்று கொள்வோம். அதைத் திருப்பி எழுதினால் 237. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495. அதையும் திருப்பி எழுதி, 594-ஐக் கூட்டினால் விடை 1089. எந்த எண்ணைக் கொண்டு தொடங்கினாலும் இதே விடைதான் வரும். கழித்து வரும் எண்ணின் நடு இலக்கம் எப்போதும் 9; மற்ற இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகையும் எப்போதும் 9 என்பதே காரணம்.

விடை எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினால் இது கணித மேஜிக். கணக்கைப் பார்வையாளரே ரகசியமாகப் போட்டு, மேசையில் உள்ள புத்தகத்தின் 108-ஆம் பக்கத்தில் 9-ஆவது சொல்லை மனத்தில் நிறுத்தும்படி சொன்னால், அதுவே மென்டலிசம். அந்தச் சொல்லை முன்பே மனப்பாடம் செய்திருக்கும் கலைஞர், தயங்கித் தயங்கி, எழுத்து எழுத்தாக அதை 'உணர்ந்து' சொல்கிறார். பார்வையாளர் கணக்கை மறந்துவிடுகிறார்; தம் மனம் படிக்கப்பட்டது என்பதே நினைவில் நிற்கிறது.

மனத்தை உண்மையிலேயே படிக்க முடியுமா?

இக்காலக் கலைஞர்கள் பலர் அமானுஷ்ய சக்தி எதையும் உரிமை கோருவதில்லை. மாறாக, முகபாவனையையும் உடல்மொழியையும் கொண்டே மனத்தை அறிவதாகச் சொல்வர். இந்த விளக்கமும் பெரும்பாலும் நிகழ்ச்சியின் ஓர் அங்கமே. பிறர் பொய் சொல்வதை மனிதர்கள் எந்த அளவுக்குச் சரியாகக் கண்டறிகின்றனர் என்பது குறித்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகியோர் வெளியிட்ட முடிவின்படி, சராசரித் துல்லியம் 54 சதவீதம் மட்டுமே. நாணயத்தைச் சுண்டிவிட்டு முடிவெடுப்பதைவிட இது சற்றே மேல்.

அதேவேளையில், உடல் தன்னையறியாமல் குறிப்புக் காட்டுவதும் உண்மை. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் எனும் குதிரையை ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், 1907-இல் அதன் ரகசியத்தைக் கண்டறிந்தார். சரியான விடை நெருங்கும்போது கேள்வி கேட்பவரின் தலையில் ஏற்படும் மிகச் சிறிய அசைவைக் கவனித்தே குதிரை குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது. பார்வையாளரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் மென்டலிசம் உருப்படி இதே அடிப்படையில் அமைந்தது.

மற்றொரு கருவி 'கோல்டு ரீடிங்' எனப்படும் பொதுப்படையான பேச்சு. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு, ஆளுமைத் தேர்வின் முடிவு என்று கூறி ஒரே வாசகங்களைக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு மாணவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. வாசகங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. வாசலில் நின்று குடுகுடுப்பைக்காரர் சொல்லும் வாக்கு, வீட்டுக்கு வீடு பொருந்திப்போவதும் இதனால்தான்.

கற்றுக்கொள்வது எப்படி?

தெலுங்கு மக்களிடையே இக்கலையின் பாதையை அறிய, ஹைதராபாத்தில் வாழ்ந்த பி.வி. பட்டாபிராம் நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஜூன் 30 அன்று தமது 75-ஆவது வயதில் காலமான இவர், மேஜிக் கலைஞராகத் தொடங்கி, ஹிப்னாட்டிசம் கற்று, பின்னர் உளவியல் ஆலோசகராகவும் ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சியாளராகவும் அறியப்பட்டார். இதே நகரில் 1985-இல் தொடங்கப்பட்ட தெலுங்குப் பல்கலைக்கழகம், 'இந்திரஜாலம்' எனும் பெயரில் மேஜிக் கலைக்கான பட்டயப் படிப்பை வழங்கி வந்துள்ளது.

கற்க விரும்புவோர் மேஜிக்கிலிருந்து தொடங்குவதே முறை. சீட்டு, நாணயம், தாள் ஆகியவற்றைக் கையாளப் பழகிய பின்னரே, அவை கையில் இருப்பதே தெரியாமல் மென்டலிசம் செய்ய இயலும். கைத்திறன் தேவைப்படாத 1089 போன்ற எண் வித்தைகள் முதல் படி. ஒரு வித்தையை நூறு முறை பழகிய பின்னரே பிறருக்குக் காட்ட வேண்டும். ஒரே அவைக்கு அதை இரண்டாம் முறை காட்டலாகாது. ஏனெனில், வேறு எண்ணுக்கும் 1089 வந்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் படி நினைவாற்றல். 1 முதல் 20 வரையிலான எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவத்தை நிலையாக மனத்தில் பதித்துக்கொண்டு, சொல்லப்படும் பொருளை அந்த உருவத்தோடு இணைத்துக் காட்சியாக்கினால், 20 பொருள்களை எந்த வரிசையிலும் திரும்பச் சொல்ல முடியும். சில வாரப் பயிற்சியில் கைகூடும் இத்திறனில் ஏமாற்று எதுவும் இல்லை. தெலுங்கில் அவதானம் எனவும், தமிழில் கவனகம் எனவும் வழங்கும் கலை இதன் உச்சம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திப் பெயர் பெற்றார்.

மூன்றாம் படி நூல்கள். தியோடர் அன்னெமன் எழுதி 1944-இல் வெளிவந்த 'பிராக்டிகல் மென்டல் எஃபெக்ட்ஸ்', டோனி கொரிண்டாவின் '13 ஸ்டெப்ஸ் டு மென்டலிசம்' ஆகிய இரண்டும் இத்துறையினர் இன்றும் முதலில் நாடும் நூல்கள். கொரிண்டாவின் நூல் முதலில் 13 சிறு நூல்களாக வெளிவந்து, பின்னர் ஒன்றாகத் தொகுக்கப்பட்டது.

இறுதிப் படி அவையோடு பேசும் திறன். மேஜிக்கில் கை தவறினால் வித்தை கெடும். மென்டலிசத்தில் பேச்சு தவறினால் கெடும். சில விடைகள் சற்றே பிசகுவது நம்பகத்தன்மையைக் கூட்டும் என்பதால், கலைஞர்கள் வேண்டுமென்றே தவறுவதும் உண்டு. இந்தியாவில் இக்கலையைப் பரவலாக்கியவர்களுள் ஒருவரான சுஹானி ஷா, ஏழு வயதில் மேடையேறி மேஜிக் செய்யத் தொடங்கியவர். 2025 ஜூலையில் இத்தாலியின் டூரின் நகரில் நடைபெற்ற ஃபிஸம் போட்டியில் 'சிறந்த மேஜிக் கிரியேட்டர்' விருதைப் பெற்ற அவர், தாம் செய்வது கலையே அன்றி அற்புதம் அன்று என்று தொடர்ந்து கூறி வருகிறார்.

எல்லைக்கோடு எங்கே?

இந்த அறிவிப்பு வெறும் பணிவு அன்று, பார்வையாளருக்கான பாதுகாப்பு. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். அவர் விதித்த சோதனைகளுள் ஒன்று, மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைச் சொல்வது. மேடையில் மென்டலிஸ்டுகள் இயல்பாகச் செய்து காட்டும் உருப்படி இது. எனினும், 1978-இல் கோவூர் இறக்கும் வரை அப்பரிசை எவரும் பெறவில்லை. கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த மேஜிக் கலைஞர் பி. பிரேமானந்த், 2009-இல் மறையும் வரை இப்பணியைத் தொடர்ந்தார். சாமியார்களின் அற்புதங்களை ஊர் ஊராகச் செய்து காட்டி, அவற்றின் செய்முறையை அவர் விளக்கினார்.

இன்றைய பெற்றோர் கவனிக்க வேண்டியது 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' எனும் பயிற்சி. கண்களைக் கட்டிக்கொண்ட குழந்தை, நிறத்தையும் எழுத்தையும் சரியாகச் சொல்வதைக் காட்டி, நடுமூளை தூண்டப்பட்டதாகக் கூறிக் கட்டணம் பெறப்படுகிறது. நடுமூளை எல்லோருக்கும் பிறவியிலிருந்தே இயங்குவது. அதைத் தனியே தூண்ட வேண்டியதில்லை. கண்கட்டுக்கும் மூக்குக்கும் இடையிலான சிறு இடைவெளி வழியாகக் கீழே பார்ப்பது மேஜிக்கில் மிகப் பழைய உத்தி. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதைப் பலமுறை பொதுவெளியில் விளக்கியுள்ளார்.

பெற்றோரே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அட்டையை மடியருகே வைக்காமல், குழந்தையின் நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். அல்லது கழுத்தளவில் ஓர் அட்டைப் பலகையைக் குறுக்கே வைக்க வேண்டும். விடைகள் நின்றுபோனால், அதுவரை வேலை செய்தது மூளை அன்று, மூக்கோர இடைவெளி என்பது விளங்கிவிடும். இதில் குழந்தையைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை; பெரியவர்கள் எதிர்பார்த்ததையே அது செய்திருக்கிறது.

மென்டலிசம் கற்பவர் முதலில் தமக்குள் விடை காண வேண்டிய கேள்வியும் இதுவே. நிகழ்ச்சி முடிந்த பின் ஒருவர் தம் நோயையோ, மகளின் திருமணத்தையோ, காணாமற்போன நகையையோ பற்றிக் கேட்டு வந்தால், 'எனக்குத் தெரியாது, இது ஒரு கலை மட்டுமே' என்று சொல்ல முடிகிறதா? சொல்பவர் கலைஞர். அந்த நம்பிக்கையைக் காசாக்குபவர், மேடையில் எவ்வளவு திறமை காட்டினாலும், கலைஞர் ஆகமாட்டார்.