1865-ல கட்டுன வீடு (அப்படின்னு நம்பிட்டு இருந்தோம்)

ஆணி புடுங்குறதுல கொஞ்சம் கேப் கிடைச்சதால இந்தப் பதிவு. ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. காரணம், ஆறு மாசமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா பெங்களூர்ல பஸ் ஏறி ஊருக்கு ஓடிடுறேன். பொள்ளாச்சிப் பக்கம் இருக்குற எங்க தோட்டத்துச் சாளையை ரிப்பேர் பண்ணிட்டு இருக்கோம். சாளைன்னா கொங்குக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: தோட்டத்துக்குள்ளயே இருக்குற பண்ணை வீடு. முன்னால திண்ணை, உள்ள ஆசாரம், ரெண்டு பக்கமும் ரூம், மேல அட்டாலி, பின்னால பொடக்காலி, பக்கத்துலயே மாடு கட்டுற கட்டுத்தரை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சின்ன வயசுல மழைக்கு ஓடு மாத்தும்போது கீழ இறக்கி வச்ச ஓட்டுல 1865-ன்னு அச்சு இருக்குறதைப் பார்த்தேன். அவ்ளோதான். மறுநாள் ஸ்கூல்ல "எங்க சாளை ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட வருஷம் கட்டுனதுடா"ன்னு ஒரே அலப்பறை. நான் மட்டும் இல்லை, எங்க அப்பாவும் பெரியப்பாவும் கல்யாண வீடுகள்ல இதையே சொல்லித்தான் பெருமை அடிச்சிருக்காங்க.

இந்த வருஷம் கூரையை மொத்தமா பிரிச்சோம். ஓடு பூரா இறக்கி வாசல்ல அடுக்குனப்ப பார்த்தா ஒரு ஓடு விடாம அதே 1865! எல்லா ஓட்டையும் ஒரே வருஷத்துலயா சுட்டிருப்பான்? சந்தேகம் வந்து தேடிப் படிச்சப்பதான் குட்டு உடைஞ்சது. அது ஓடு செஞ்ச வருஷம் இல்லீங்க, ஓடு கம்பெனி ஆரம்பிச்ச வருஷம்! ஸ்வீட் கடை போர்டுல 'நிறுவியது 1948'ன்னு போட்டிருந்தா உள்ள இருக்குற ஜிலேபி 1948-ல சுட்டதுன்னு அர்த்தமா? நாலு தலைமுறையா நாங்க அப்படித்தான் ஜிலேபி சாப்பிட்டிருக்கோம் :-)

கதை இதுதான். சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல இருந்து வந்த பாசல் மிஷன்காரங்க மங்களூர், கள்ளிக்கோட்டைப் பக்கம் மதப் பிரச்சாரத்தோட தொழிற்சாலைகளும் நடத்துனாங்க. மதம் மாறினவங்களை ஊரும் சாதியும் ஒதுக்கிடும், பிழைப்பு போயிடும். அவங்களுக்கு வேலை வேணுமேன்னு முதல்ல நெசவு, அப்புறம் ஓடு. ஜார்ஜ் பிளெப்ஸ்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1865-ல மங்களூர் ஜெப்புவுல, நேத்ராவதி ஆத்தோரக் களிமண்ணை வச்சு ஓட்டு ஆலையை ஆரம்பிச்சார். ஒண்ணோட ஒண்ணு கோத்துக்குற ஓட்டை ஐரோப்பாவுல முதல்ல கொண்டு வந்தது அல்சேஸ் பகுதி கிலார்டோனி சகோதரர்கள், 1841-ல. அதே தத்துவம்தான் இங்க மங்களூர் ஓடா, நம்மூர் வாயில 'சீமை ஓடா' ஆச்சு. (சைடுல ஒரு தகவல்: 1872-ல மலையாள அகராதி போட்ட குண்டர்ட்டும் இந்த மிஷன்காரர்தான். 'சித்தார்த்தா' நாவல் எழுதின ஹெர்மன் ஹெஸ்ஸே அவரோட மகள் வயித்துப் பேரன்.)

சீமை ஓட்டுக்கு முன்னால நாட்டு ஓடுதான். குயவர் வனையுற வளைஞ்ச சின்ன ஓடு. பூனை நடந்தா நகரும், குரங்கு வந்தா கதை முடிஞ்சது, மழைக்கு முன்னால திருப்பிப் போடணும். அடுக்கடுக்கா போடறதால கனமும் ஜாஸ்தி. எங்க சாளையில விதை வைக்கிற ரூம் மேல மட்டும் இன்னைக்கும் பனங்கையும் நாட்டு ஓடும்தான். அந்த ரூம் செவுரும் ஆசாரத்துச் செவுரும் ஒரே கட்டு, ஒரே கல்லு. அப்போ மொத்த வீடும் ஒரு காலத்துல நாட்டு ஓடு போட்டிருந்து, பின்னால எவனோ ஒரு பூட்டன் கையில நாலு காசு பார்த்ததும் முன்பக்கத்தை மட்டும் சீமை ஓட்டுக்கு மாத்தியிருக்கார். வர்றவங்க கண்ணுக்குப் படறது அதுதானே!

எப்போ மாத்துனார்? ரெண்டு துப்பு இருக்கு. முதல் உலகப் போர்ல, மிஷன்ல ஜெர்மன்காரங்க நிறைய இருந்ததால, தொழிற்சாலைகளை பிரிட்டிஷ் அரசாங்கம் கையில எடுத்துக்கிச்சு. 1919-ல காமன்வெல்த் டிரஸ்ட்னு ஒரு கம்பெனி அதுக்குன்னே உருவாச்சு. அதுக்கப்புறம் வந்த ஓட்டுல காமன்வெல்த்னு பேர் இருக்கும். எங்க ஓடு பூரா பாசல் மிஷன். ரெண்டாவது, அப்பா பீரோவுல 1923-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒண்ணு இருக்கு. அதுல 'சீமை ஓட்டு வீடு'ன்னு தெளிவா இருக்கு. ஆக, கூரைக்கு வயசு நூறுக்கு மேல, ஆனா 1865 இல்லை. போத்தனூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்ததே 1915-லதான். அதுக்கு முன்னாலன்னா பாலக்காட்டுல இருந்து மாட்டு வண்டியில வக்கப்புல்லு பரப்பி, நடுவுல ஓடு அடுக்கி, உடையாம கொண்டாந்திருக்கணும். செவுரு எப்போ எழும்புச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் கிடையாது. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு, "நீ படிச்சது போதும் கண்ணு, 1865-ஐ வெளிய சொல்லித் தொலைக்காத"ன்னுட்டார். சொல்லிட்டேன் பெரியப்பா, மன்னிச்சுக்குங்க.

கூரை கூட சுலபம். செவுருதான் எங்களைப் படுத்தி எடுத்துச்சு.

டவுன்ல இருந்து வந்த இன்ஜினியர் ஒருத்தர் அஞ்சே நிமிஷம் பார்த்துட்டு "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்"னார். செவுரு பூரா உப்புப் பூத்து, தட்டுனா பொலபொலன்னு கொட்டுது. ஆனா ஒரு வேடிக்கை. இப்படிக் கொட்டுறது நெஞ்சளவு உயரத்துக்கு மேலதான். அதுக்குக் கீழ சிமெண்ட் பூச்சு, கல்லு மாதிரி கிண்ணுன்னு இருக்கு. அந்தக் காலத்துக் காரை மோசம், சிமெண்ட் ஒஸ்தின்னுதான் யாருக்கும் தோணும். எனக்கும் தோணுச்சு.

பழைய காரை வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் ஒருத்தரைத் தேடிப் புடிச்சோம். அவர் சிமெண்டை ஒரு இடத்துல கொத்தி எடுத்துட்டு, "உள்ள கையை வைங்க தம்பி"ன்னார். வச்சேன். ஈர மண்ணு. கை நெறய அள்ளலாம்.

விஷயம் என்னன்னா, பழைய செவுருக்கு அஸ்திவாரத்துல ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணுல இருக்குற ஈரம் செவுத்துல ஏறிக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரையில நுண்ணிய துளைங்க உண்டு, வந்த ஈரம் அந்த வழியா வெளிய காத்துல போயிடும். சிமெண்ட் அதை விடாது. அடைச்ச இடத்துல போக வழியில்லாம ஈரம் இன்னும் மேல ஏறி, சிமெண்ட் எங்க முடியுதோ அங்க வெளிய வரும். வரும்போது உப்பையும் கொண்டாந்து காரையைப் பொரிய வைக்கும். ஆக, மேல கொட்டுனதுக்குக் காரணமே கீழ கிண்ணுன்னு நிக்கிறவர்தான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன்னுதான் பேரு (சிவில் இல்லை, தப்பிச்சேன்).

காரை ஒண்ணும் மந்திரம் இல்லை. சுக்கான் கல்லைக் காளவாயில சுட்டா அதுல இருக்குற கரியமில வாயு போயிடும். அதைத் தண்ணி ஊத்தித் தாளிச்சு, மணலோட சேர்த்து அரைச்சுப் பூசுனா, காத்துல இருந்து அதே வாயுவை மெதுவா திரும்ப வாங்கிக்கிட்டு மறுபடியும் கல்லாகும். அரைக்கிறதுக்கு அந்தக் காலத்துல வட்டமா பள்ளம் வெட்டி, மாடு பூட்டிக் கல் சக்கரம் ஓட்டுவாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி சேர்ப்பாங்க. நாங்க குழியில சுண்ணாம்பைத் தாளிச்சு ஒரு மாசம் போட்டு வச்சோம். கடுக்காய்த் தண்ணி புளிச்ச வாசம் இன்னும் என் சட்டையில இருக்குன்னு தங்கமணி புகார்.

சிமெண்ட் நம்மூருக்குப் புதுசு இல்லை. 1904-லயே மெட்ராஸ்ல தயாரிச்சுப் பார்த்திருக்காங்க. எங்க பக்கத்துலயே மதுக்கரையில 1934-ல ஆலை வந்துடுச்சு. எங்க ஆசாரத்துச் செவப்புத் தரை அதுக்குப் பின்னாலதான் போட்டிருக்கணும். ஆனா செவுத்துல பூசுனது எங்க அப்பாரு. 1974-ல.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாத சங்கதி, அப்போ சிமெண்ட் நெனச்சா வாங்க முடியாது. விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்த காலம். 1982-ல பாதி தளர்த்தி, 1989-லதான் முழுசா விட்டாங்க. அதுவரைக்கும் எழுதிக் குடுத்து, அலைஞ்சு, பர்மிட் வாங்கணும். அப்பாரு கிணத்துத் திண்டுக்குன்னு எழுதிக் குடுத்து, எத்தனையோ நடை நடந்து பர்மிட் வாங்கியிருக்கார். பத்து வயசுப் பையனா எங்க அப்பா, மூட்டை நனையக் கூடாதுன்னு வண்டியில மேலயே படுத்துக்கிட்டு வந்தாராம். திண்டு கட்டுன மிச்சத்துலதான் செவுரு. முழுச் செவுத்துக்கும் பத்தலை, அதனாலதான் நெஞ்சளவு. ஊர்லயே சிமெண்ட் பூசுன முதல் சாளை எங்களுதுன்னு அப்பாருக்கு அப்படி ஒரு பெருமை. ஈரம் காயறதுக்கு முன்னால ஆணியால தன் இனிஷியலையும் வருஷத்தையும் கீறி வச்சிருக்கார், ஆசாரத்துக் கதவுக்குப் பக்கத்துல.

அதைத்தான் இப்போ கொத்தி எடுக்கணும்.

அப்பா ரெண்டு வாரம் பிடி குடுக்கவே இல்லை. "எங்கய்யன் வெச்சதை எடுக்கணும்னா வீட்டையே இடிச்சுப் போடு"ன்னுட்டார். நான் ஈரம், உப்பு, துளைன்னு போர்டுல படம் போடாத குறையா விளக்குனேன், வேலைக்காகலை. கடைசியில ஆத்தாதான், "அவிகளுக்குச் செவுரு நிக்கோணும்னுதானே பூசுனாங்க. நிக்காட்டி எடுத்துப் போடு சாமி"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம தோட்டத்துக்குப் போயிட்டார். அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.

கீறுன இடத்தை மட்டும் ஒரு பலகை மாதிரி முழுசா பெயர்த்துடலாம்னு அரை நாள் மெதுவா கொத்துனோம். மூணு துண்டா உடைஞ்சு போச்சு. 19 ஒண்ணுல, 74 ஒண்ணுல, இனிஷியல் இன்னொண்ணுல. துணியில சுத்தி அட்டாலியில வச்சிருக்கு. எங்க வச்சீங்கன்னு அப்பா இதுவரைக்கும் கேக்கலை, ஆனா ஏணி இடம் மாறியிருந்ததைப் பார்த்தேன்.

இப்போ செவுரு காஞ்சு, காரை முடிஞ்சு, வண்ணம் அடிக்கிற கட்டம். இதுலயும் சரித்திரம் விடலை. மேல பழைய பூச்சைச் சுரண்டும்போது, பொங்கலுக்குப் பொங்கல் அடிச்ச வெள்ளை ஏடு ஏடா வந்துச்சு. நடுவுல ஒரு பச்சை, ஒரு மஞ்சள், அதுக்கும் அடியில ஒரு நீலம். "பழையபடியே" அடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா எந்தப் பழையபடி? ஆத்தா, தான் 1962-ல கண்ணாலம் பண்ணி வந்தப்ப நீலம்தான் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்றாங்க. சுண்ணாம்புல நீலம் கலந்து செவுத்துல நாலு சதுரம் அடிச்சுக் காட்டுனோம், ஒண்ணுக்கு ஒண்ணு அடர்த்தி மாத்தி.

நாலும் இல்லையாம்.