பால்மரத்தின் தாய்வீடு



பால்மரம் என்றதும் நம்மில் பலருக்குத் தோட்டப்புறம்தான் நினைவுக்கு வரும். என் பாட்டியும் விடியுமுன்னே எழுந்து பால் வெட்டப் போனவர்தான். ஆனால் அந்த மரத்தின் தாய்வீடு தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இன்று பேசுவோம்.

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் பிறக்கும் அமேசான், சுமார் 6,400 கிலோமீட்டர் ஓடி, பிரேசிலில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. உலகிலுள்ள ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஆற்றின் நீர்! இதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணையாறுகள் உண்டு. அவற்றில் ஒன்றான புட்டுமாயோ, நீண்ட தூரம் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் எல்லையாக ஓடுகிறது.

புட்டுமாயோவின் வடகரைக் காடுகளில் விட்டோட்டோ, போரா, ஒக்கைனா, அந்தோக்கே ஆகிய பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். மலோக்கா என்ற பெரிய ஓலைக் கூரை வீட்டில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தன. நச்சுள்ள மரவள்ளிக்கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்தெடுத்து, ரொட்டி சுடுவார்கள். போரா மக்கள் குடைந்த மரக்கட்டைகள் இரண்டை முரசாக அடித்து, பல கிலோமீட்டர் தூரத்துக்குச் செய்தி அனுப்புவார்கள்.

இந்த வாழ்க்கையை ரப்பர் புரட்டிப்போட்டது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். மிதிவண்டியும் மோட்டார் வாகனமும் பெருகப் பெருக, ரப்பரின் விலை ஏறியது. ஆனால் அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் நம் தோட்டங்களைப்போல் வரிசையாக நிற்பதில்லை; இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். தேடித் திரிந்து பால் எடுக்க ஆள் வேண்டும். ஹூலியோ சீசர் அரானா என்ற பெரு நாட்டு வணிகரின் நிறுவனம், புட்டுமாயோ மக்களை அடிமைகளாக்கி அந்த வேலையைச் செய்யவைத்தது. கொண்டுவரும் ரப்பரின் எடை குறைந்தால் சாட்டையடி. கால்களைக் கட்டையில் பூட்டிப் பட்டினி போடுவதும் உண்டு. முதுகில் நிலைத்துவிட்ட தழும்புகளுக்கு 'அரானாவின் முத்திரை' என்றே பெயர் வந்தது.

1907இல் அந்த நிறுவனம் லண்டனில் பதிவானது. கங்காணிகளைப்போல் வேலை வாங்கியவர்களில் சிலர் பார்படோஸ் தீவிலிருந்து வந்த பிரிட்டிஷ் குடிமக்கள். ஆகவே பிரிட்டன் 1910இல் தன் தூதர் ரோஜர் கேஸ்மெண்டை விசாரணைக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1912இல் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அரானாவோ தண்டிக்கப்படவில்லை, பின்னாளில் பெருவின் செனட்டராகவும் ஆனார்.

இனி நம் கதைக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கோலாகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி கண்டறிந்தார். மலாயாவில் தோட்டங்கள் பெருகின; தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. விலை சரிந்தது, அமேசானின் ரப்பர் வணிகம் படுத்தது.

அங்கே சாட்டையின் கீழ் அவர்கள்; இங்கே கங்காணியின் கீழ் நம் பாட்டன் பாட்டி. இரண்டும் ஒன்றல்ல. நம்மவர் பட்ட துன்பத்தை அவர்களின் துன்பத்தோடு எடைபோட வேண்டாம். ஆனால் ஒரே சந்தைக்காக இரு மக்களும் உழைத்தார்கள் என்பது உண்மை. தோட்ட வரலாற்றை நாம் 22 கன்றுகளிலிருந்து தொடங்கும்போது, அந்த முதல் அத்தியாயம் விட்டுப்போகிறது.

அந்த மக்கள் அழிந்துவிடவில்லை. 1988இல் கொலம்பியா அரசு 50 லட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட காட்டை அவர்களுடைய நிலமாக அங்கீகரித்தது. 2012இல் அந்நாட்டு அதிபர் சாந்தோஸ் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். லா சொர்ரேராவில் அரானாவின் நிறுவனம் இயங்கிய கட்டடம் பின்னர் அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியானது.

உங்கள் வீட்டில் பால் வெட்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். கூடவே, புட்டுமாயோவின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த வலி அவர்களுக்குப் புரியும்.