விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் செயலிழப்பு

விண்டோஸ் கணினிகளில் கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் நிரல், வேலைக்கு நடுவே திடீரென மூடிக்கொள்ளும் கோளாறு. ஒரு கோப்புறையைத் திறக்கும்போதோ மவுஸின் வலது பொத்தானை அழுத்தும்போதோ இது நேர்கிறது. திறந்திருந்த கோப்புறைகளோடு டெஸ்க்டாப் ஐகான்களும் டாஸ்க்பாரும் மறைந்து, சில நொடிகளில் ஐகான்களும் டாஸ்க்பாரும் மட்டும் திரும்பி வரும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டுக் கணினியே பட்டறைக் கணக்கும் டிசைனும் பார்க்கும் கணினியாக இருப்பது வழக்கம். ஆகவே இங்கே இக்கோளாறின் காரணத்தைத் தேடுபவர், அந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று முதலில் கேட்பது நல்லது.

எக்ஸ்ப்ளோரர் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 உடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1-இல் கோப்புகளைப் பார்க்க ஃபைல் மேனேஜர், நிரல்களைத் தொடங்க புரோகிராம் மேனேஜர் என இரண்டு தனி நிரல்கள் இருந்தன. எக்ஸ்ப்ளோரர் இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டதோடு டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் தன்னுள் வைத்துக்கொண்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று பெயர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. ஒரு கோப்புறையில் வரும் சிக்கல் திரை முழுவதையும் கலைப்பது இதனால்தான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், கோப்புறைகளைத் தனிச் செயல்முறையில் திறக்கச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. அதை இயக்கினால் கோளாறு தீராது, ஆனால் டாஸ்க்பார் பெரும்பாலும் தப்பிக்கும்.

எக்ஸ்ப்ளோரர் தன் சொந்தப் பிழையால் விழுவது குறைவு. பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் நிறுவப்படும்போது ‘ஷெல் எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் சிறு நிரல்களை அதனுள் சேர்த்துவிடுகின்றன. வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் வின்ராரும் ஆன்டிவைரஸும் தலைகாட்டுவது இவற்றின் வேலை. அவை எக்ஸ்ப்ளோரரின் நினைவகத்துக்குள்ளேயே இயங்குவதால், ஒன்று தவறினால் மொத்தமும் விழுகிறது.

எந்த எக்ஸ்டென்ஷன் சிக்கல் தருகிறது என்பதில்தான் தொழில் குறுக்கிடுகிறது. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கத்து லேத் பட்டறை, பம்பு உதிரிபாகக் கணினிகளில் ஆட்டோகேடோ சாலிட்வொர்க்ஸோ இருக்கும். டிஜிட்டல் கையொப்பம் இட்ட வரைபடங்களின் மேல் அடையாளம் காட்ட ஆட்டோகேட் தனியாக ஒரு நிரலைச் சேர்க்கிறது. திருப்பூரின் பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட்டுகளில் கோரல்டிராவும் வில்காமும். இவை இரண்டும் டிசைன் கோப்புகளின் சிறுபடத்தைக் கோப்புறையிலேயே காட்டத் தனித்தனி நிரல்களை வைக்கின்றன. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் பழைய கோடெக் தொகுப்புகள். பாதியில் நின்றுபோன ஒரு வீடியோ கோப்பு இருந்தால்கூட, அதற்குச் சிறுபடம் தயாரிக்க முயலும் கோடெக் தடுமாறிவிடும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின் சிறுபட வேலையின் பெரும்பகுதி வேறொரு செயல்முறைக்கு மாற்றப்பட்டதால், அப்போது ‘காம் சரோகேட்’ நின்றுவிட்டது என்ற செய்தி மட்டுமே வரக்கூடும்.

ஐகானின் மூலையில் வரும் பச்சை டிக், மேக அடையாளம் போன்றவையும் ஷெல் எக்ஸ்டென்ஷன்களின் வேலையே. அவற்றுக்கு விண்டோஸ் ஒதுக்கியிருப்பது 15 இடங்கள். அகரவரிசையில் முன்னால் வருபவருக்கே இடம் என்பதால், கிளவுட் சேமிப்பு நிறுவனங்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடங்களைச் சேர்த்துப் பதிவு செய்கின்றன. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் உத்திதான்!

காரணத்தைக் கண்டறிய விண்டோஸின் ஈவென்ட் வியூவர் உதவும். அதில் அப்ளிகேஷன் பதிவுகளில் 1000 என்ற எண் செயலிழப்பையும், 1002 என்ற எண் பதிலளிக்காமல் உறைந்து நின்றதையும் குறிக்கும். “சிஸ்டம் ஹேங் ஆவுதுங்க” என்று மட்டும் சொல்பவரின் கணினியில் இரண்டில் எது நடந்தது என்பது இங்கே தெரிந்துவிடும். 1000 பதிவில் தவறிய மாட்யூலின் பெயரும் இருக்கும். அது ஆட்டோகேட் போன்ற மென்பொருளுடையதாகவோ கோடெக்காகவோ இருந்தால் தேடல் அங்கேயே முடியலாம். விண்டோஸின் சொந்த மாட்யூலான ‘என்டிடிஎல்எல்’ என்று இருந்தால் அவசரப்பட்டு விண்டோஸைக் குறை சொல்லக்கூடாது. வேறு யாரோ நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போக, அது வெளிப்பட்ட இடம் மட்டுமே அது.

அடுத்து சேஃப் மோடில் தொடங்கிப் பார்க்க வேண்டும். அங்கே எக்ஸ்ப்ளோரர் ஒழுங்காக இருந்தால், வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றின் மேல் சந்தேகம் வலுக்கிறது. நிர் சோஃபர் எழுதிய ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவச நிரல் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் பட்டியலிட்டு, மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை இளஞ்சிவப்பில் காட்டும். அவற்றை எல்லாம் நிறுத்திவிட்டு, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கோளாறு நின்றால், பாதிப் பாதியாகத் திரும்ப இயக்கிக்கொண்டே வர, குற்றவாளி அகப்படும். 64 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும் ஆறே சுற்று போதும்.

ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் விழுகிறதென்றால் வழி வேறு. எப்போதும் ஐகான்களை மட்டும் காட்டும்படி ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மாற்றினால் சிறுபடம் தயாரிப்பது நிற்கும். அதன்பின் சிக்கல் இல்லையெனில், கெட்ட கோப்பு அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் கிளீனப் மூலம் பழைய சிறுபடச் சேமிப்பையும் அழித்துவிடலாம். கணினிக் கோப்புகளே சிதைந்திருந்தால் சரிபார்க்க எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை உண்டு. அதை ஓட்டுவதில் தீங்கில்லை, இந்தக் கோளாறுக்கு அடிக்கடி பலனும் இல்லை.

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு, “ஃபார்மேட் அடிச்சுரலாங்க” என்பது. ஃபார்மேட் செய்த கணினி நன்றாகத்தான் ஓடும், அதே ஆட்டோகேட் பதிப்பை மறுபடி நிறுவும்வரை. டாலி கணக்குகள் வழக்கமாக சி டிரைவிலேயே இருப்பதால், நகலெடுக்காமல் ஃபார்மேட் செய்தால் ஓர் ஆண்டின் ஜிஎஸ்டி கணக்கும் போய்விடும்.

மென்பொருளைத் தாண்டிய காரணம் ஹார்ட் டிஸ்க். கொங்கு வட்டாரத் தொழில்களை 2012 வாக்கில் கடுமையாக வாட்டிய மின்வெட்டுக் காலத்தில், யுபிஎஸ் இல்லாத கணினிகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. இன்றும் அப்படி அணைவதுண்டு. கோப்பு முறைமையில் வரும் சிதைவை செக்டிஸ்க் சரிசெய்யும். ஆனால் டிஸ்க்கின் பரப்பே பழுதானால், படிக்க முடியாத இடத்தை எக்ஸ்ப்ளோரர் திரும்பத் திரும்பக் கேட்டு உறைந்து நிற்கும். அந்நிலையில் செக்டிஸ்க் ஓட்டுவது டிஸ்க்கை மேலும் வதைப்பதாகும், முதலில் நகல்.

கோளாறு மென்பொருளிலா டிஸ்க்கிலா என்று பிரித்தறிய லினக்ஸ் கைகொடுக்கும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது இல்லாத கணினியில், பென்டிரைவிலிருந்து இயங்கும் ஏதேனும் ஒரு லினக்ஸ் போதும். சிக்கலான கோப்புறை அதில் சுலபமாகத் திறந்தால் டிஸ்க் பெரும்பாலும் நலம். அங்கேயும் இழுத்தால் டிஸ்க்கை மாற்றும் நேரம். லினக்ஸிலேயே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது தமிழில் நீளமாகப் பெயரிட்டவை சில மறுக்கப்படலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் தமிழ்ப் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடமுண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் எல்லை 255 பைட்டுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் எடுப்பதால் 85-உடன் முடிந்துவிடும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். அப்படிப்பட்ட கோப்புகளின் பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுக்கலாம், அல்லது நகலுக்கான டிஸ்க்கையும் என்டிஎஃப்எஸ் முறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.