இல்லத்தில் வளர்ந்த முன்னோருக்கு ஊர் எது?

சேலம், நாமக்கல் பகுதியின் பழைய சபைக் குடும்பங்கள் சிலவற்றில் பூட்டனாரைப் பற்றிக் கேட்டால், "அவர் இல்லத்தில் வளர்ந்தவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவருக்கும் ஓர் ஊரும் உறவும் இருந்தன. அவற்றைத் தேடும் வழிகளை இவ்விழா மலரில் பதிவு செய்வது நம் கடமை.

நம் பக்கத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பெருகிய காலம் தாது வருஷப் பஞ்சம் (1876–78). 1871 கணக்கெடுப்பில் 19,66,995 ஆக இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை, 1881இல் 15,99,595 ஆகச் சரிந்தது. ஆதரவற்றுத் தனித்து நின்ற பிள்ளைகளை மாகாணமெங்கும் மிஷன் இல்லங்கள் ஏற்று வளர்த்தன. சேலத்தில் லண்டன் மிஷன் 1827 முதலே பணியாற்றி வந்தது.

அடுத்த பேரிடி 1918–19 விஷக்காய்ச்சல். கொல்லிமலையில் மிஷனரிகளான ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர், தம் மரணப் படுக்கையில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். மலைப்பிள்ளைகளுக்கான இல்லப்பணி அதன்பின் வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் யாரென்று ஊருக்கே தெரியும். பஞ்சத்தில் வந்த பிள்ளைகள் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தேடலை மூத்தவரின் திருமணப் பதிவேட்டிலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதில் தகப்பன் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பிறகு ஞானஸ்நானப் பதிவேடு. அங்கே பெற்றோர் கட்டம் வெறுமையாக இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். வயது, வசிப்பிடம், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் தடயமே. ஆங்கிலப் பெயரைக் கண்டு வெள்ளைக்கார வம்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பணம் அனுப்பிப் பிள்ளையைத் தாங்கிய சீமை நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது அன்றைய மிஷன் இல்லங்களில் பரவலான வழக்கம்.

ஜில்லா எல்லையையும் கவனிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் நாமக்கல் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. 1910இல் திருச்சியோடு சேர்ந்தது. ஆகவே விஷக்காய்ச்சல் காலத்து நாமக்கல் பிள்ளையின் அரசு ஆவணத்தைத் திருச்சிக் கோப்புகளிலும் தேட வேண்டும். லண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன.

இது பழங்கதை மட்டுமன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் முதல் பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். தத்துக்குச் சென்றவர்கள் 18 வயதுக்குப் பின் தம் வேர்களைத் தேட விதிகள் இடம் தருகின்றன. பெற்றவளின் அந்தரங்கத்தையும் அவை காக்கின்றன.

ஆகவே பழைய இல்லங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கறையான் அரிப்பதற்குள் பதிவேடுகளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நூறாண்டு கடந்த ஏடுகளை வாரிசுகள் பார்க்க அனுமதியுங்கள். அன்று சோறிட்டு வளர்த்த இல்லங்கள் அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் செய்யவேண்டிய கைங்கரியம் இது.