ஜொகூர் நினைவு அஞ்சல்தலைகள்

ஜொகூர் நினைவு அஞ்சல்தலைகள் என்பவை மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடி மாநிலமான ஜொகூர், தன் ஆட்சியாளரின் முடிசூட்டு, ஆட்சி நிறைவு விழா ஆகியவற்றையும் பிற பொது நிகழ்வுகளையும் ஒட்டி வெளியிட்ட அஞ்சல்தலைகள் ஆகும். முதல் வெளியீடு 1896இல் வந்தது. இந்தியாவில் நினைவு அஞ்சல்தலை வழக்கம் 1931இல், புதுடில்லித் தலைநகரத் திறப்பை ஒட்டித்தான் தொடங்கியது. அதற்கு 35 ஆண்டுகள் முன்பே ஜொகூர் இத்துறையில் கால் பதித்துவிட்டது.

பின்னணி

ஜொகூர் பாரு 1855இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் உருவாக்கிய ஊர். அவர் மகன் அபு பக்கார் 1866இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். நீரிணைக்கு அக்கரையில் இருந்த சிங்கப்பூரே வெளியுலகக் கடிதங்களுக்கு வாசலாக இருந்தது.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. எனவே 1854 முதல் அங்கே இந்திய அஞ்சல்தலைகளே புழங்கின. சிங்கப்பூர் அஞ்சலகம் அவற்றின்மேல் ‘பி 172’ என்ற எண் முத்திரையைக் குத்தியது. தலையில் அணாக் கணக்கு, கடைத்தெருவில் வெள்ளிக் கணக்கு என்ற இரட்டை நிலை 1867 வரை நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1இல், நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட இம்மூன்றும் நேரடி முடியாட்சிக் குடியேற்றமாயின. செப்டம்பரில் இந்திய அஞ்சல்தலைகள்மீது கிரீடமும் காசு மதிப்பும் மேலச்சிடப்பட்டு ஒன்பது மதிப்புகளில் வெளிவந்தன. ஆண்டு முடிவில் குடியேற்றங்களுக்கென லண்டனில் அச்சான தலைகள் வந்தன. ஜொகூர் தன் அஞ்சல்தலைக்கு அடித்தாளாக எடுத்துக்கொண்டது இவற்றைத்தான்.

மேலச்சுக் காலம் (1876–1891)

1876இல் நீரிணைக் குடியேற்றங்களின் 2 காசு பழுப்புத் தலைமீது பிறையும் விண்மீனும் அச்சிடப்பட்டன. ஜொகூரின் முதல் அஞ்சல்தலை இதுவே. விக்டோரியா மகாராணியின் முகத்தின்மேல் ஒரு மலாய் அரசின் சின்னம் ஏறியது. அபு பக்கார் 1868இலேயே மகாராஜா பட்டம் ஏற்றிருந்தார். 1885ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரிட்டன் அவரைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டது.

1880களில் பிறைக்குப் பதில் மாநிலப் பெயர் மேலச்சாக வந்தது. சேகரிப்பாளர்கள் இதைக் கீழ்வரும் அடிப்படைகளில் வகைப்படுத்துவர்:

• பெயரின் கடைசியில் ‘இ’ எழுத்து உள்ளவை, இல்லாதவை;
• பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி உள்ளவை, இல்லாதவை;
• ஒவ்வோர் எழுத்தின் அகலம், சொல்லின் மொத்த நீளம்;
• அடித்தாளின் நிறம்: முதலில் பழுப்பு, 1883க்குப் பிறகு ரோஜா.

அத்தனையும் 2 காசுத் தலைகளே. ஒரே தாளில் வெவ்வேறு அகல எழுத்துகள் கலந்து கோக்கப்பட்டதால், அடுத்தடுத்த இரண்டு தலைகளே இரு வகைகளாக அமைவதுண்டு. இந்த அகல வேறுபாடுகளை அளவுகோலும் உருப்பெருக்கியும் இல்லாமல் பிரிப்பது கடினம். 1891இல் 24 காசு பச்சைத் தலைமீது ‘இரண்டு காசு’ என மதிப்பு மாற்றி அச்சிட்டதுடன் இக்காலம் முடிகிறது.

அவ்வாண்டு இறுதியில் லண்டன் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட, சுல்தான் அபு பக்கார் உருவம் தாங்கிய தலைகள் வெளிவந்தன. 1, 2, 3, 4, 5, 6 காசுகளும் ஒரு வெள்ளியும் என ஏழு மதிப்புகள். 1894இல் 3 காசுத் தலை போதாமல், பிற மதிப்புகள்மீது ‘3 காசு’ என்று மேலச்சிட்டுச் சமாளித்தனர்.

1896: முடிசூட்டு வெளியீடு

அபு பக்கார் 1895 ஜூன் 4 அன்று லண்டனில் காலமானார். மகன் இப்ராகிமுக்கு அவ்வாண்டு நவம்பர் 2இல் முடிசூட்டப்பட்டது. புதிய சுல்தானின் உருவம் பொறித்த தலைகள் அச்சாகி வரவில்லை. எனவே கைவசமிருந்த ஏழு மதிப்புகள்மீதும், முடிசூட்டு என்று பொருள்படும் ‘கெமாகோத்தாஆன்’ என்ற மலாய்ச் சொல் உரோமன் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டு 1896இல் விற்பனைக்கு வந்தது. மகனின் முடிசூட்டுச் செய்தியை மறைந்த தந்தையின் முகம் சுமந்து சென்றது. மலாய் மன்னர் ஒருவரைச் சிறப்பிக்கும் நினைவு வெளியீடுகளுக்கு இதுவே முன்னோடி.

மேலச்சில் ‘எம்’ எழுத்துக்குப் பதில் ‘டி’ கோக்கப்பட்ட பிழைத் தலைகளும் உண்டு. பட்டியல் நூல்கள் இவற்றைத் தனி வகையாகக் குறித்து, சரியானவற்றைவிட உயர்ந்த விலை காட்டுகின்றன. 

சுல்தான் இப்ராகிம் காலம் (1895–1959)

1896 முதல் இப்ராகிமின் உருவம் தாங்கிய தலைகள் வரத் தொடங்கின. தாளின் நீர்க்குறியைக் கொண்டு இவற்றைப் பிரிப்பர். தொடக்கத்தில் ரோஜாப்பூ வடிவம்; 1918 முதல் பிரிட்டிஷ் குடியேற்றங்களைப் போலவே கிரீடமும் ‘சிஏ’ எழுத்துகளும். 1920களில் மதிப்பு 500 வெள்ளி வரை உயர்ந்தது. அவ்வளவு தொகையை எந்தக் கடிதத்தின்மீதும் ஒட்டுவதில்லை; பெருமதிப்புத் தலைகள் ஆவணக் கட்டணத்துக்கே பயன்பட்டன.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டாட்சியில் இணைந்து புலி பொறித்த பொதுத் தலைகளைப் பயன்படுத்தின. ஜொகூர் இணையவில்லை. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்ற பின்னும் தன் தலைகளை விடவில்லை. அதனால் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழகம் சென்ற கடிதங்களின் உறையைப் பார்த்தே ஊரை ஓரளவு சொல்லிவிடலாம்: புலி என்றால் கூட்டாட்சி மாநிலம், இப்ராகிம் முகம் என்றால் ஜொகூர்.

1935 மே மாதம் வெளியான 8 காசுத் தலையில் சுல்தானும் சுல்தானா எலனும் சேர்ந்து காட்சி தருகின்றனர். ஸ்காட்லாந்துக்காரரான எலனைச் சுல்தான் 1930இல் மணந்தார். 1938இல் மணமுறிவு ஏற்பட்டது. 1940இல் வந்த 8 காசுத் தலையில் சுல்தான் தனித்தே இருக்கிறார். பேரரசர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவை ஒட்டி நீரிணைக் குடியேற்றங்கள் 1935இல் தலைகள் வெளியிட்டபோது ஜொகூர் வெளியிடவில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் ஜொகூரின் அஞ்சல் கட்டண பாக்கித் தலைகள் ஜப்பானிய முத்திரையுடன் மறுபயன்பாட்டுக்கு வந்தன. போருக்குப் பின், பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தைக் குறிக்கும் ‘பிஎம்ஏ மலாயா’ என மேலச்சிட்ட பொதுத் தலைகள் புழங்கின. 1948இல் பிரிட்டிஷ் அரச தம்பதியரின் வெள்ளி மணவிழா, 1949இல் உலக அஞ்சல் ஒன்றியத்தின் 75ஆம் ஆண்டு, 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு ஆகியவற்றுக்கு மற்ற மலாய் மாநிலங்களுடன் ஜொகூரும் தலைகள் வெளியிட்டது. ஜொகூருக்கே உரிய வெளியீடு 1955 நவம்பர் 1இல் வந்தது. சுல்தான் இப்ராகிம் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைந்ததைக் குறிக்கும் 10 காசுத் தலை அது.

சுல்தான் இஸ்மாயில் முடிசூட்டு (1960)

1959இல் இப்ராகிம் மறைந்தார். அவர் மகன் இஸ்மாயிலின் முடிசூட்டு விழாவான 1960 பிப்ரவரி 10 அன்று பல வண்ண 10 காசுத் தலை வெளியிடப்பட்டது.

இந்திய வெளியீடுகளுடன் ஒப்பீடு

ஜொகூர் தனக்கெனத் திட்டமிட்ட நினைவுத் தலைகளில் இடம்பெற்றவர்கள் அரச குடும்பத்தினர் மட்டுமே. சுதந்திர இந்தியா வேறு வழியில் சென்றது. 1948 ஆகஸ்ட் 15இல் காந்தியடிகளுக்கும், 1952இல் கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாசர், காலிப், தாகூர் ஆகிய அறுவருக்கும் தலைகள் வந்தன. 1957இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் நூற்றாண்டு சிறப்பிக்கப்பட்டது. சுல்தான் இஸ்மாயில் தலை வெளியான ஐந்தாம் நாள், 1960 பிப்ரவரி 15இல், எழுத்தாணியும் ஓலையும் ஏந்திய திருவள்ளுவர் 15 நயா பைசாத் தலையில் வெளிவந்தார். செப்டம்பர் 11இல் பாரதியாரும், 1962இல் கணித மேதை ராமானுஜனும், 1972இல் வ.உ.சி.யும் தொடர்ந்தனர்.

பிற்காலம்

1965 முதல் மாநிலத் தலைகள் மலேசியா முழுவதற்கும் பொதுவான வரிசைகளாயின: 1965இல் ஆர்க்கிட் மலர்கள், 1971இல் வண்ணத்துப்பூச்சிகள், 1979இல் பூக்கள், 1986இல் வேளாண் விளைபொருள்கள். மாநில ஆட்சியாளரின் படமும் மாநிலப் பெயரும் ஓரத்தில் இடம்பெறும். ஜொகூரின் சுல்தான் இஸ்கந்தர் 1984இல் மாமன்னராக அமர்ந்ததற்கான தலைகளைக் கூட்டரசே வெளியிட்டது. தற்போது நினைவு வெளியீடுகளைப் போஸ் மலேசியா கவனிக்கிறது.