பாரத சுதந்திரப் போரில் 1919ஆம் ஆண்டு

பாரத தேசத்தின் விடுதலைப் போரைப் பற்றிப் பேச முற்படுவோர் 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தையும் 1942ஆம் ஆண்டின் “வெள்ளையனே வெளியேறு” இயக்கத்தையுமே முதலில் நினைவுகூர்வர். நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் சரித்திர நூலிலும் 1919ஆம் ஆண்டுக்குக் கிடைத்த இடம் இரண்டே வரிகள்தாம்: “பஞ்சாபில் கலகம் மூண்டது, அது அடக்கப்பட்டது.” பரீட்சைக்கு அவ்விரண்டு வரிகள் போதுமாயிருந்தன. பின்னர் சருவகலாசாலை நூல்நிலையத்திலே அவ்வாண்டின் விசாரணைக் குழு அறிக்கைகளைப் புரட்டியபோதுதான், அந்த இரண்டு வரிகளுக்குள்ளே எத்தனை வீதிகளும், எத்தனை வீடுகளும், எத்தனை கல்லூரி மாணவர்களும் அடைபட்டுக் கிடந்தனர் என்பதை அறிந்தோம். அன்று தொட்டு எமக்கு அவ்வாண்டின் மேல் ஒரு தனிக் கவனம் உண்டு.

1914இல் மூண்ட மகா யுத்தத்திலே பிரித்தானியாவுக்காகக் கடல் கடந்து சென்ற இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் மிகப் பெரும் பங்கினரை அனுப்பியது பஞ்சாப் மாகாணமே. அம்மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சேர் மைக்கேல் ஓட்வயர் ஆட்சேர்ப்பில் காட்டிய கடுமை கிராமந்தோறும் பேசப்பட்டது. காந்தியடிகளே 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்திலே ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் திரட்ட முயன்றார். அகிம்சையைப் போதித்தவர் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தாரா என இன்று வாசிப்போர் திகைப்பர். ஆனால் அன்றைய மனநிலை அதுதான். 1917 ஆகஸ்ட் மாதத்திலே இந்தியா மந்திரி மொண்டேகு, படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் எனப் பாராளுமன்றத்திலே வாக்களித்திருந்தார். இரத்தம் கொடுத்தோம், இனி உரிமை கிடைக்கும் என்று தலைவர்களும் பொதுமக்களும் நம்பினர்.

கிடைத்ததோ றௌலட் சட்டம்.

நீதியரசர் சிட்னி றௌலட் என்பவரின் தலைமையிலே கூடிய குழுவின் சிபாரிசின்படி வரையப்பட்ட சட்டம் அது. யுத்த காலத்து அவசர அதிகாரங்களைச் சமாதான காலத்திலும் நீடித்தலே அதன் நோக்கம். சந்தேகத்தின் பேரில் ஒருவரை விசாரணையின்றித் தடுத்து வைக்கலாம். விசாரிப்பதாயினும் யூரிகளின்றி மூன்று நீதிபதிகள் விசாரிக்கலாம். அவர்கள் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. “வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை” என்று வட இந்தியக் கடைவீதிகளிலே சாமானியரும் அச்சட்டத்தை மூன்று சொற்றொடரில் அடக்கினர். சட்ட வல்லுநரின் நீண்ட வியாக்கியானங்களைவிட இது தெளிவானது என்பது எமது எண்ணம். (அக்குழுவிலே சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரியாரும் ஓர் அங்கத்தவர். அடிமைத்தளையை வார்ப்பதற்கு நம்மவர் கையும் உதவியது என்பதை மறைத்துவிட்டு வரலாறு எழுதலாகாது.) விசாரணையின்றித் தடுத்து வைத்தல் என்பது எம் நாட்டவருக்கும் புதிய சொற்றொடரன்று. ஆதலின் அச்சட்டத்தின் கொடுமையை எம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சட்ட சபையிலே இருந்த உத்தியோகப் பற்றற்ற இந்திய அங்கத்தவர் யாவரும் அதனை எதிர்த்தனர். மிதவாதியான சீனிவாச சாஸ்திரியாரும் எச்சரித்துப் பேசினார். ஆயினும் 1919 மார்ச் மாதத்திலே அரசாங்கத்தின் பெரும்பான்மை வாக்குகளால் அது நிறைவேறியது. மாளவியா, ஜின்னா, மசருல் ஹக் ஆகியோர் தம் பதவிகளைத் துறந்தனர்.

இவ்விடத்திலே தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. சட்டம் நிறைவேறிய செய்தி எட்டியபோது காந்தியடிகள் சென்னையிலே இராஜகோபாலாச்சாரியார் குடியிருந்த வீட்டில் விருந்தினராயிருந்தார். உறக்கமும் விழிப்பும் கலந்த விடியற்பொழுதிலே, நாடு முழுவதும் ஒரு நாள் தொழில் நிறுத்தி, உண்ணா நோன்பிருந்து, பிரார்த்தனை செய்தல் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு ஒரு கனவுபோல் உதித்ததாக அவர் இராஜாஜியிடம் கூறினார். அதுவே ஹர்த்தால். பின்னாளில் 1953 ஆகஸ்டிலே எம் இலங்கையையே ஒரு நாள் ஸ்தம்பிக்கச் செய்த அச்சொல், அகில இந்தியா தழுவிய ஆயுதமாகச் சென்னை மாநகரின் ஒரு வீட்டிலே உருப்பெற்றது.

முதலில் மார்ச் 30 எனக் குறிக்கப்பட்ட நாள் பின்பு ஏப்ரில் 6 என மாற்றப்பட்டது. மாற்றத்தை உரிய காலத்தில் அறியாத டில்லி மார்ச் 30இலேயே கடையடைத்தது. பொலிசார் சுட்டனர், மக்கள் இறந்தனர். அதன் பின் நடந்தது அதிசயம்: ஆரிய சமாஜத் துறவியான சுவாமி சிரத்தானந்தரை முஸ்லிம்கள் அழைத்துச் சென்று ஜும்மா மசூதியிலே பேச வைத்தனர். காவியுடுத்த ஒருவர் அப்பள்ளிவாசலிலே நின்று பேசியதை, பின்னைய பிரிவினைக் காலத்தின் இரத்தத்தை அறிந்த நாம் ஒரு பெருமூச்சுடனேயே வாசிக்கின்றோம். ஏப்ரில் 6, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் கடைகள் மூடின. ஏப்ரில் 9இல் அமிருதசரசிலே நடந்த இராமநவமி ஊர்வலத்தில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். இந்துவும் முஸ்லிமும் ஒரே கிண்ணத்தில் நீர் அருந்தினர். ஓட்வயர் அஞ்சியது கலகத்துக்கன்று, இவ்வொற்றுமைக்கே என்று சொல்லத் தோன்றுகிறது.

மறுநாள், ஏப்ரில் 10, நகரின் தலைவர்களாகிய டாக்டர் சைபுதீன் கிச்சுலுவும் டாக்டர் சத்தியபாலும் அழைக்கப்பட்டு, இரகசியமாக நாடு கடத்தப்பட்டனர். தலைவர்களை விடுவிக்குமாறு கேட்கத் திரண்டு சென்ற கூட்டம் புகையிரதப் பாலத்தருகே சுடப்பட்டது. திரும்பிய கூட்டம் வெறிகொண்டது. வங்கிகள் எரிந்தன. ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டனர். இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. மிஷன் பெண் பாடசாலைகளின் மேற்பார்வையாளராயிருந்த மார்செல்லா ஷெர்வுட் என்ற ஆங்கிலப் பெண்மணி, சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது ஓர் ஒடுங்கிய சந்திலே தாக்கப்பட்டு, இறந்தவரெனக் கருதி விடப்பட்டார். அவரைத் தூக்கிச் சென்று மறைத்து வைத்துக் காத்தவர்களும் அந்நகரத்து இந்தியர்களே. அவர்களுள் ஒருவர் அவரிடம் பயின்ற பிள்ளையொன்றின் தந்தை. மிஷன் பாடசாலையிலே அகரம் கற்ற எமக்கு இச்சம்பவம் நெஞ்சை உறுத்துகின்றது. கல்லெறிந்தவர் பக்கத்தில் எம்மால் நிற்க இயலாது. அத்தந்தையின் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் அவ்வம்மையாரின் பெயரால் ஒன்பது நாட்களின் பின் நடந்தது வேறு.

அதற்கு முன்பே ஜாலியன்வாலா பாக் நடந்து முடிந்துவிட்டது. ஏப்ரில் 13, வைசாகித் திருநாள். சுற்றுக் கிராமத்தவர் பலர் பொற்கோயில் தரிசனத்துக்கும் சந்தைக்குமாக வந்திருந்தனர். கூட்டம் கூடலாகாதென்ற கட்டளை அன்று காலையில் நகரின் சில பகுதிகளிலே பறையறையப்பட்டது, எல்லாப் பகுதிகளிலுமன்று. நாற்புறமும் வீட்டுச் சுவர்கள் சூழ்ந்த அம்மைதானத்திலே ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, மாலை ஐந்து மணிக்குப் பின் ஜெனரல் டயர் துருப்பினருடன் வந்தார். கவச வண்டிகள் இரண்டு சந்தினுள் நுழைய முடியாமையால் வெளியே நின்றன. எச்சரிக்கை ஏதும் கொடுக்கப்படவில்லை. ஐம்பது துப்பாக்கிகள் ஏறக்குறையப் பத்து நிமிடம் சுட்டன. 1650 தோட்டாக்கள் செலவாயின. உத்தியோகக் கணக்கின்படி மாண்டோர் 379. காங்கிரசின் விசாரணைக் குழு ஆயிரத்தை அண்மித்த தொகையைக் கூறிற்று. கிணற்றிலே குதித்து மாண்டோரும் உளர். இரவு ஊரடங்குச் சட்டம் அமுலிலிருந்தமையால் காயமுற்றோரை எடுத்துச் செல்ல உறவினரும் வர அஞ்சினர். கவச வண்டிகள் உள்ளே செல்ல முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியிருப்பேன் எனப் பின்னர் ஹண்டர் குழுவின் முன் டயர் தயக்கமின்றிக் கூறினார். கூட்டத்தைக் கலைப்பது மட்டுமன்று, பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடம் கற்பிப்பதே தம் நோக்கமென்பதையும் ஒப்புக்கொண்டார்.

எனினும் அப்பத்து நிமிடங்களிலேயே நின்றுவிடுவது தவறு. மனிதர் கொலையை ஆத்திரத்தின் மேல் ஏற்றி மன்னிக்கவும் கூடும். ஆனால் அதன் பின் இராணுவச் சட்டத்தின் கீழ் வாரக்கணக்காக நடந்தவை நிதானமாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஷெர்வுட் தாக்கப்பட்ட சந்திலே ஏப்ரில் 19 முதல் இந்தியர் எவரும் வயிற்றால் ஊர்ந்தே செல்லல் வேண்டுமென டயர் கட்டளையிட்டார். துப்பாக்கி முனையிலே ஏறக்குறைய ஐம்பது பேர் அவ்வாறு ஊர்ந்தனர். அச்சந்திலே வீடுடையோர் மருந்து வாங்கவும் வெளிச்செல்ல முடியாதிருந்தனர். அங்குதான் அப்பெண்மணியைக் காத்த அயலவரும் வாழ்ந்தனர் என்பதை டயர் எண்ணிப் பார்த்தாரில்லை.

குஜ்ரான்வாலாவிலே ஆகாய விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. கசூரிலே ஒரு பாடசாலைப் பையன்களுள் குற்றவாளி யாரென அறிய முடியாதபோது, பருமனான ஆறு பையன்களைத் தெரிந்தெடுத்துக் கசையடி கொடுத்தனர். குற்றம் அவர்கள் பருமனாயிருந்தமையே! ஆனால் எம்மை மிகவும் வருத்தியது லாகூர்க் கல்லூரி மாணவர்களின் கதை. கேணல் ஜோன்சன் என்பவர் சில கல்லூரிகளின் மாணவர் அனைவரும் நாள்தோறும் நான்கு முறை குறித்த இடத்துக்கு நடந்து வந்து பெயர் கொடுத்தல் வேண்டுமெனப் பணித்தார். மருத்துவக் கல்லூரி மாணவர் சிலருக்கு அது நாளொன்றுக்குப் பதினாறு மைல். பஞ்சாபின் கோடை வெயில் எத்தகையதென்பது கூறாமலே விளங்கும். சனாதன தர்மக் கல்லூரியின் மதிலிலே ஒட்டியிருந்த அறிவித்தலொன்று கிழிந்து காணப்பட்டதற்காக, மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய ஐந்நூறு பேர் கைதாகி, கோட்டைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். எம் வயதொத்த இளைஞர்கள்; எம்மைப் போலவே ஆங்கில நூல்களிலே பிரித்தானிய நீதியின் பெருமையைப் படித்தவர்கள். அப்பதினாறு மைல்களில் அவர்கள் மறந்தவை எவை, புதிதாய்க் கற்றவை எவை என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

செய்திகள் கடுமையாகத் தணிக்கை செய்யப்பட்டமையால் பாரதத்தின் பிற பகுதிகளுக்கே உண்மை மெல்ல மெல்லத்தான் கசிந்தது. கசிந்தபோது முதலில் வாய் திறந்தவர் ஓர் அரசியல்வாதியல்லர், கவிஞர். மே 31இல் இரவீந்திரநாத தாகூர் வைசிராய் செம்ஸ்போர்டுக்குக் கடிதமெழுதித் தம் ‘சேர்’ பட்டத்தைத் துறந்தார். வைசிராயின் நிர்வாக சபையில் வீற்றிருந்த ஒரே இந்தியரான சேர் சங்கரன் நாயர், பஞ்சாபின் இராணுவ ஆட்சியைக் கண்டித்துப் பதவி விலகினார். காந்தியடிகளோ அகமதாபாத்திலும் பிற இடங்களிலும் மக்கள் பலாத்காரத்தில் இறங்கியது கண்டு, ஏப்ரில் 18இலேயே சத்தியாக்கிரகத்தை நிறுத்திவிட்டார். பயிற்சி பெறாத மக்களை அழைத்தது தமது இமயமலையளவு பிழை என்றார். எதிரி ஆயிரம் பிழை செய்யும்போது தன் பிழையை அளந்து சொல்லும் தலைவரை அரசியலில் காண்பது அரிது.

ஆண்டின் முடிவு விசித்திரமானது. டிசம்பர் 23இல் மொண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தச் சட்டத்துக்கு மன்னரின் அங்கீகாரம் கிடைத்தது. அதே வாரத்தில் அமிருதசரசிலேயே, மோதிலால் நேருவின் தலைமையில், காங்கிரஸ் மகாசபை கூடியது. அங்கும் காந்தியடிகள் சீர்திருத்தங்களைப் புறக்கணிக்க வேண்டாமென்றே வாதாடினார். ஆகவே 1919இல் பாரதம் பிரித்தானியாவைக் கைவிட்டது என்று சிலர் எழுதுவது முழு உண்மையன்று. நம்பிக்கையின் வேர் அவ்வாண்டில் அறுந்தது. மரம் சாய்ந்தது 1920இலேதான். ஜூலை மாதத்திலே பிரபுக்கள் சபை 129 வாக்குகளுக்கு 86 எனும் கணக்கில் டயரின் பக்கம் நின்றது. இலண்டனின் ‘மோர்னிங் போஸ்ட்’ பத்திரிகை அவருக்கென 26,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டியது. சர்ச்சில் மக்கள் சபையிலே அப்படுகொலையைக் கண்டித்தது உண்மையே. ஆனால் இந்தியரின் காதில் விழுந்தது பவுண்களின் ஓசைதான்.

இந்த வரலாற்றில் எம் தீவுக்கும் ஒரு மூலை உண்டு. 1915ஆம் ஆண்டின் சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இலங்கையிலும் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. விசாரணை என்ற பெயருக்கும் தகாத விசாரணைகளின் பின் பலர் சுடப்பட்டனர். அவ்வொடுக்குமுறையிலே ஈடுபடுத்தப்பட்ட துருப்புகளுள் பஞ்சாபிகளும் இருந்தனர். நான்கு ஆண்டுகளின் பின் அதே இராணுவச் சட்டம் அவர்களது சொந்தக் கிராமங்களிலே சென்று தங்கியது. 1915இன் அநீதியைச் சட்டநிரூபண சபையிலும் இலண்டனிலும் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1919 டிசம்பரிலே, அமிருதசரஸ் மகாசபை கூடிய அதே மாதத்தில், கொழும்பிலே பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர் அவர்தம் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

டயர் 1927இல் நோயால் இறந்தார். ஓட்வயர் 1940 மார்ச் 13இல் இலண்டன் கக்ஸ்டன் மண்டபத்திலே உதம் சிங்கின் துப்பாக்கிக்கு இரையானார். நூறு ஆண்டு நிறைவுற்ற 2019 ஏப்ரிலிலே பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

றௌலட் சட்டமோ 1922இல் ஓசையின்றி நீக்கப்பட்டது. இத்தனைக்கும் காரணமாயிருந்த அச்சட்டத்தை அரசாங்கம் ஒருமுறையேனும் பயன்படுத்தவில்லை.